ஜும்ஆவுக்கே சலுகை உண்டு, விருந்துக்கு இல்லையா?



வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரம் இது. வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் விடுமுறையில் வருவதும், நிக்காஹ், சுன்னத், வீடு குடிபோதல், குழந்தைக்குப் பிறந்தநாள் என்று நம் வீடுகளில் அடுப்பு மூட்டுவதும் பெரும்பாலும் இந்த மாதங்களில்தான். எனவே இம்மாதப் பாடத்துக்கு ஒரு நடந்த செய்தியை எடுத்துக்கொள்கிறோம். 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, நம் ஊரில் ஒரு பெண் குழந்தையின் முதல் பிறந்தநாள் விருந்தன்று நடந்தது அது.

பெயர் சொல்லாமல் எழுத அந்தக் குடும்பத்தார் சம்மதம் தந்தார்கள். "எங்களை வைத்து நாலு வீட்டார் படித்துக்கொண்டால் சரி" என்று குழந்தையின் பாட்டனார் சொன்னார்கள். இதில் அவர்களுடைய தவறைவிட எங்களுடைய தவறு பெரிது. அதை ஆரம்பத்திலேயே ஒப்புக்கொண்டு விடுகிறோம்.

அன்று நடந்தது

குழந்தையின் தகப்பனார் வளைகுடாவிலிருந்து 20 நாள் விடுப்பில் வந்திருந்தார். குழந்தையை அவர் கையில் எடுத்ததே அப்போதுதான். 300 பேருக்கு அழைப்பு. அஸருக்குப் பின் கேக், மஃரிபுக்குப் பின் நெய்ச்சோறும் களறிக்கறியும் என்று ஏற்பாடு. மண்டபம் பேசியாகிவிட்டது. கிடாரங்களும் சஹன்களும் நமது அறக்கட்டளையிலிருந்துதான் போயின.

முந்தின நாளே வானிலை எச்சரிக்கை வந்துவிட்டது. குமரிக்கடல் பகுதியில் மேலடுக்குச் சுழற்சி இருப்பதாகவும், தென் மாவட்டங்களில் மழை கடுமையாக இருக்கும் என்றும் செய்தியில் சொன்னார்கள். இரண்டு வாரத்துக்கு முன்புதான் மிக்ஜாம் புயலில் சென்னை தத்தளித்ததை எல்லோரும் பார்த்திருந்தோம். ஆனாலும் "நம்ம ஊருக்கு எப்பவும் இப்படித்தான் சொல்வாங்க, பெய்யாது" என்று பேசிக்கொண்டோம். வறண்ட சீமைக்காரர்களுக்கு மழை என்றால் சந்தோஷம்தானே தவிர, பயம் கிடையாது.

ஞாயிறு விடியலிலிருந்தே மழை. லுஹருக்கு வந்தவர்கள் முழங்கால் வரை நனைந்து வந்தார்கள். பள்ளிவாசல் திண்ணையில் குழந்தையின் தகப்பனார் எங்களிடம், "காக்கா, நிறுத்திரலாமா?" என்று கேட்டார். எங்களில் ஒருவர், "அடுப்பு மூட்டியாச்சே தம்பி, அல்லாஹ் இருக்கான், நடத்துங்க" என்றார். மற்றவர்கள் தலையாட்டினோம். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தப் பாடத்தையே எழுதுகிறோம்.

பிற்பகல் மூன்று மணி இருக்கும். பாத்திரம் கழுவ வந்திருந்த சகோதரி ஒருவர் மண்டபத்தின் பின்வாசலில் நின்று வீட்டம்மாளிடம் கேட்டார்: "ம்மா, எங்க பக்கம் தண்ணி ஏறுதாம். பிள்ளைங்க ரெண்டும் தனியா கெடக்கு. நான் போயிட்டு வந்துரட்டுமா?" ஆற்றங்கரையை ஒட்டிய குடியிருப்பிலிருந்து வருபவர் அவர். "இன்னும் ஒரு மணி நேரந்தானே, இந்தக் கிடாரத்தை மட்டும் ஒதுக்கிட்டுப் போ" என்று பதில் வந்தது. வீட்டம்மாள் கடுமையாகச் சொல்லவில்லை. வேலை நெருக்கடியில் யாரும் சொல்லக்கூடிய பதில்தான். எங்களில் இருவர் அந்த வாசலிலேயே நின்றிருந்தோம். கேட்டோம். ஒன்றும் சொல்லவில்லை.

அவர் புறப்பட்டபோது ஐந்து மணி தாண்டிவிட்டது. பாதி வழியில் ரோட்டின் மேல் தண்ணீர் ஓடியது. அதற்கு மேல் போக முடியாமல் மண்டபத்துக்கே திரும்பி வந்தார். அப்போது கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

300 பேரில் வந்தவர்கள் 40 பேர் போல இருக்கும். மஃரிபு நேரத்தில் மின்சாரம் போனது. இஷாவுக்குள் மண்டபத்தின் கீழ்த்தளத்தில் தண்ணீர் புகுந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் மாடிக்கு ஏறினார்கள். தெருக்காரர்களும் ஏறி வந்தார்கள். செல்போன் கோபுரங்களும் செயலிழந்தன. இரண்டு இரவுகள் அங்கேதான். அந்த இரண்டு இரவும் அந்தச் சகோதரி மாடிக் கைப்பிடிச் சுவரை விட்டு நகரவில்லை. தன் பிள்ளைகள் இருக்கிறார்களா இல்லையா என்று அவருக்குத் தெரியாது. அவரிடம் ஆறுதல் சொல்ல எங்களில் யாருக்கும் வாய் எழவில்லை.

அல்ஹம்துலில்லாஹ், பிள்ளைகள் பத்திரமாக இருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் இருவரையும் தோளில் சுமந்து ஒரு பள்ளிக்கூட மாடியில் சேர்த்திருந்தார். செவ்வாய்க்கிழமை பகலில்தான் தாய் அவர்களைக் கண்டார். வீடு விழுந்துவிட்டது.

அந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பதிவான மழை 95 சென்டிமீட்டர். தூத்துக்குடி மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையைவிட அது அதிகம். தாமிரபரணி கரை மீறியது, குளங்கள் உடைந்தன. இவ்வளவு பெய்யும் என்று யாருக்கும் தெரியாது என்று நாங்கள் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் மூன்று மணிக்கு அந்தத் தாய்க்குத் தெரிந்திருந்தது. அவர் சொன்னதை நாங்கள்தான் செய்தியாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஏன் நிறுத்தவில்லை?

பிறகு அந்தக் குடும்பத்தாரோடு உட்கார்ந்து பேசியபோது நான்கு காரணங்கள் வெளிவந்தன. நம் எல்லா வீட்டிலும் இருக்கிற காரணங்கள்தான்.

ஒன்று, நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற எண்ணம். அழைத்துவிட்டு நிறுத்தினால் மரியாதைக் குறைவு என்று நினைத்தார்கள். இரண்டு, போட்ட பணம். மண்டபம், கறி, கேக் எல்லாவற்றுக்கும் பணம் கொடுத்தாயிற்று. மூன்று, அந்த நாள். "முதல் பிறந்தநாளைத் தள்ளிவைத்தால் பிள்ளைக்கு ஆகாது" என்று உறவில் ஒருவர் சொல்லிவிட்டார். நான்கு, நாங்கள் சொன்ன "அல்லாஹ் இருக்கான்" என்ற வார்த்தை.

நான்காவதுதான் மிகவும் கனமானது. முதல் மூன்றும் உலக காரணங்கள். நான்காவதற்கு நாங்கள் மார்க்கத்தின் பெயரைப் பூசிவிட்டோம். அதனால் அதையே முதலில் பார்ப்போம்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

ஸஹீஹுல் புகாரியில் ஒரு செய்தி இருக்கிறது. மழை பெய்த ஒரு நாளில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் முஅத்தினிடம், தொழுகைக்கு வாருங்கள் என்று அழைக்கும் இடத்தில், உங்கள் வீடுகளிலேயே தொழுதுகொள்ளுங்கள் என்று அறிவிக்கச் சொன்னார்கள். மக்களுக்கு அது புதிதாகத் தெரிந்தது. அப்போது, தம்மைவிடச் சிறந்தவரான நபி (ஸல்) அவர்களே இப்படிச் செய்திருக்கிறார்கள் என்று விளக்கினார்கள். ஜும்ஆ கடமைதான், ஆனாலும் சேற்றிலும் வழுக்கலிலும் மக்களை நடக்கவைத்துச் சிரமப்படுத்தத் தாம் விரும்பவில்லை என்றும் சொன்னார்கள்.

சகோதரர்களே, இதைச் சற்று நிதானமாக யோசித்துப் பாருங்கள். ஜும்ஆ நம் மீது ஃபர்ளு. அதற்கே மழையில் சலுகை தந்திருக்கிறது நம் மார்க்கம். பிறந்தநாள் விருந்து ஃபர்ளும் இல்லை, சுன்னத்தும் இல்லை. அதை நிறுத்த மட்டும் நமக்கு மனம் வரவில்லை. அல்லாஹ் வற்புறுத்தாத இடத்தில் அழைப்பிதழ் நம்மை வற்புறுத்துகிறது என்றால் கோளாறு எங்கே இருக்கிறது?

தவக்குல் பற்றியும் நமக்குத் தெளிவு வேண்டும். ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டு அல்லாஹ்வை நம்பட்டுமா என்று கேட்டவரிடம், முதலில் கட்டு, பிறகு நம்பு என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பதில் சொன்னதாகத் திர்மிதீயில் வருகிறது. இது நம் பிள்ளைகள் மதரஸாவில் படிக்கிற ஹதீஸ். பெரியவர்களான நாம்தான் மறந்துவிடுகிறோம்.

உமர் (ரலி) அவர்களின் வரலாற்றிலும் ஒரு படிப்பினை உண்டு. ஷாம் நாட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதாகச் செய்தி வந்தது. ஆலோசனை கேட்டுவிட்டுத் திரும்பிச் செல்ல முடிவெடுத்தார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டபோது, ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கே போகிறோம் என்ற பொருளில் பதிலளித்தார்கள். படையோடு புறப்பட்ட கலீஃபா பாதி வழியில் திரும்பியதை யாரும் மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை. அறிவு என்றுதான் வரலாறு எழுதி வைத்திருக்கிறது.

ஆகவே வானிலை எச்சரிக்கையைக் கேட்டு நடப்பது ஈமானில் குறை ஆகாது. அந்த எச்சரிக்கையும் நமக்கு அல்லாஹ் ஏற்படுத்திய ஒரு வழியே.

"அந்த நாள்" எந்த நாள்?

பிறந்தநாள் கொண்டாடலாமா என்பதில் உலமாக்களிடையே பேச்சு உண்டு. கூடாது என்பவர்கள் இருக்கிறார்கள். வணக்கமாகக் கருதாமல், வீண்விரயம் இல்லாமல், குடும்ப மகிழ்ச்சியாக இருந்தால் தடுப்பதற்கில்லை என்பவர்களும் இருக்கிறார்கள். இந்தப் பாடம் அதைத் தீர்க்க வந்ததல்ல. உங்கள் ஆலிமிடம் கேட்டு நடந்துகொள்ளுங்கள். எப்படி எடுத்துக்கொண்டாலும், அந்தத் தேதிக்கு என்று தனிப் புனிதம் இல்லை என்பதில் இரு தரப்பாரும் ஒன்றுபடுகிறார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் ஸகாத்துக்கும் நோன்புக்கும் ஹஜ்ஜுக்கும் சந்திர ஆண்டுதான் கணக்கு. சந்திர ஆண்டு ஏறத்தாழ 354 நாட்கள். அந்தக் கணக்குப்படி அந்தக் குழந்தைக்கு ஒரு வயது நிறைந்து 11 நாட்கள் ஆகியிருந்தன! தள்ளிவைத்தால் ஆகாது என்று பயந்த நாள் ஏற்கெனவே தாண்டிப்போய்விட்டது. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை.

குழந்தைக்காக மார்க்கம் நாள் குறித்துத் தந்த சுன்னத் ஒன்று இருக்கிறது. ஏழாம் நாளில் அகீகா கொடுப்பது, பெயர் வைப்பது, தலைமுடி இறக்கி அதன் எடைக்கு வெள்ளி ஸதகா செய்வது. அகீகாவில் ஆண் குழந்தைக்கு இரண்டு ஆடு, பெண் குழந்தைக்கு ஓர் ஆடு. ஏழாம் நாளில் வசதிப்படாவிட்டால், நம்மில் பலர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் பிள்ளை பருவமடையும் வரை தகப்பனுக்கு அவகாசம் இருக்கிறது. சுன்னத்தான அகீகாவையே தள்ளிக் கொடுக்கலாம் என்றால், கேக்கைத் தள்ளிவைப்பதில் என்ன தயக்கம்?

மேலும் ஒரு செய்தி. அகீகா இறைச்சியைச் சமைத்து ஏழைகளுக்குக் கொடுப்பது சிறப்பு. அவர்களை நம் வீட்டுக்கு அழைப்பதைவிட, அவர்கள் இருக்கும் இடத்துக்கே அனுப்பிவைப்பது இன்னும் சிறப்பு என்று நம் ஃபிக்ஹு நூல்களில் இருக்கிறது. கொடுப்பவர் நடக்க வேண்டும், வாங்குபவர் நடக்கக் கூடாது என்ற இந்த ஒழுங்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே மறுபடியும் வரும்.

பிள்ளைமேல் பழி போடலாமா?

வெள்ளம் வடிந்த பிறகு வேறொரு பேச்சு கிளம்பியது. "இந்தப் பிள்ளை பிறந்தநாளிலதானே ஊரே முங்கிச்சு" என்று இரண்டொருவர் சொல்லத் தொடங்கினார்கள். விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் குழந்தையின் தாயார் அதைக் கேட்டு அழுதார்கள். பெண் பிள்ளை. நாளை பெண் கேட்டு வரும் வீட்டிலும் இந்தப் பேச்சு காத்திருக்கும் என்று அந்தத் தாய்க்குத் தெரியாதா?

நபி (ஸல்) அவர்களின் மகனார் இப்ராஹீம் (ரலி) அவர்கள் பால்குடிப் பருவத்தில் மறைந்த அன்று சூரிய கிரகணம் பிடித்தது. அந்தக் குழந்தை இறந்ததால்தான் கிரகணம் என்று மக்கள் பேசினார்கள். கேட்பதற்குக் கண்ணியமான பேச்சுதான் அது. ஆனாலும் மகனை அடக்கிய துக்கத்திலும் நபி (ஸல்) அவர்கள் அதை ஏற்கவில்லை. சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள் என்றும், எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் அவை கிரகணம் அடைவதில்லை என்றும் தெளிவுபடுத்தினார்கள்.

நபியின் மகனுக்காக வானம் மாறவில்லை என்றால், நம் பேத்திக்காக மழை பெய்யுமா? அந்தக் குழந்தை இப்போது தெருவெல்லாம் ஓடி விளையாடுகிறாள். அவளைப் பார்க்கும்போது வெள்ளத்தை நினைத்துக்கொள்பவர்கள், தயவு செய்து வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். சகுனம் பார்ப்பதை மார்க்கம் தடுத்திருக்கிறது.

கூலிக்கு வந்தவரும் நம் பொறுப்பு

விருந்து என்றால் நாம் விருந்தாளிகளை மட்டுமே எண்ணுகிறோம். பண்டாரி, அவருடைய ஆட்கள், பாத்திரம் கழுவுபவர், பந்தல்காரர், வேன் ஓட்டுநர் ஆகியோரை எண்ணுவதில்லை. அன்று நம் விருந்தாளிகளில் 260 பேர் வரவில்லை. அவர்களுக்கு வராமல் இருக்கும் உரிமை இருந்தது. கூலிக்கு வந்தவர்களுக்கு மட்டும் அந்த உரிமை இல்லாமல் போனது. நாம் நிறுத்தாதவரை அவர்களால் நிற்க முடியாது.

நம்மிடம் வேலை செய்பவர்கள் நம் சகோதரர்கள், அவர்களால் முடியாததைச் சுமத்தக் கூடாது என்ற கருத்தில் அபூ தர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. வியர்வை உலருமுன் கூலியைக் கொடுங்கள் என்ற ஹதீஸை நாம் மேடையில் அடிக்கடி சொல்கிறோம். அன்று அந்தச் சகோதரிக்குக் கூலி முழுதாகக் கொடுக்கப்பட்டது, கூடுதலாகவே. ஆனால் அவர் கேட்டது கூலியை அல்ல, இரண்டு மணி நேரத்தை.

நெய்ச்சோறு என்ன ஆனது?

அழைக்கப்பட்டவர்கள் வராத அந்த இரவில், அழைக்கப்படாதவர்கள் மாடியை நிரப்பினார்கள். தெருவின் கடைசியில் கூரை வீட்டில் இருப்பவர்கள், சாலையில் மாட்டிக்கொண்ட ஒரு லாரியின் ஆட்கள், திருச்செந்தூருக்குப் போய்க்கொண்டிருந்த பக்தர்கள் சிலர் என்று நூறு பேருக்கு மேல். குழந்தையின் பாட்டனார், "சஹனை விரிங்கப்பா" என்று ஒரு வார்த்தைதான் சொன்னார்கள். எல்லோரும் சாப்பிட்டார்கள். களறிக்கறி வேண்டாம் என்றவர்களுக்குப் பருப்பு வைத்துக் கொடுத்தார்கள்.

பணக்காரர்களை அழைத்து ஏழைகளை விட்டுவிடும் விருந்தின் உணவே மோசமான உணவு என்ற கருத்தில் அபூ ஹுரைரா (ரலி) அவர்கள் அறிவித்த செய்தியை நாம் படித்திருக்கிறோம். நம் அழைப்புப் பட்டியலில் அந்தத் தெருவின் கடைசி வீடுகள் இல்லை. அல்லாஹ் பட்டியலைத் திருத்தி எழுதிவிட்டான் என்று பாட்டனார் பிறகு சொன்னார்கள்.

மறுநாள் காலை ஒரு சிக்கல் வந்தது. கறி நிறைய மீந்திருந்தது. பசியோடு பிள்ளைகள் இருந்தார்கள். ஆனால் பண்டாரி மறுத்துவிட்டார். "ராத்திரி பூரா சூடில்லாம கிடந்த கறி. வயித்தால போச்சுன்னா இந்தத் தண்ணிக்குள்ள யார தூக்கிட்டு ஓடுவீங்க?" என்றார். உணவை வீணாக்குகிறாரே என்று சிலர் கோபப்பட்டார்கள். அவர் சொன்னதே சரி. சமைத்த இறைச்சியும் சோறும் சூடில்லாமல் சில மணி நேரம் இருந்தாலே கிருமி பெருகிவிடும். திரும்பச் சூடாக்கினாலும் சில நச்சுகள் போவதில்லை. கெட்ட உணவைக் கொட்டுவது வீண்விரயம் ஆகாது. வீண்விரயம் 300 பேருக்கு அடுப்பு மூட்டியபோதே நடந்துவிட்டது. சமைக்காமல் மீந்திருந்த அரிசியும் பருப்பும்தான் அடுத்த ஒன்றரை நாளுக்குக் கஞ்சியாக உதவின.

இதே நேரத்தில் ஸ்ரீவைகுண்டத்தில் சென்னை நோக்கிப் புறப்பட்ட ரயில் ஒன்று சுமார் 800 பயணிகளோடு நின்றுவிட்டதை நீங்கள் அறிவீர்கள். அவர்களுக்குச் சுற்றுவட்டாரக் கிராம மக்கள் தங்கள் அரிசி பருப்பைக் கொண்டுவந்து சமைத்துப் போட்டார்கள். யார், எந்த மதம் என்று கேட்கவில்லை. நம் சகோதரியின் பிள்ளைகளைச் சுமந்த பெரியவரும் கேட்டிருக்கமாட்டார். குழம்பு வைக்கும்போது தண்ணீரைக் கொஞ்சம் கூட்டி அண்டை வீட்டாரையும் கவனித்துக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்ன அறிவுரையை, அந்த வாரம் நம் மாவட்டமே நடைமுறையில் செய்து காட்டியது.

தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியவை

மழை அளவு: 24 மணி நேரத்தில் 6.5 சென்டிமீட்டரைத் தொட்டால் கனமழை, சுமார் 11.6 சென்டிமீட்டரிலிருந்து மிக கனமழை, 20.4 சென்டிமீட்டரைத் தாண்டினால் அதிகனமழை. மஞ்சள் என்றால் கவனி, ஆரஞ்சு என்றால் தயாராகு, சிவப்பு என்றால் செயல்படு என்று பொருள். 95 சென்டிமீட்டர் மழை என்றால் ஒரு சென்ட் நிலத்தில் சுமார் 38,000 லிட்டர் தண்ணீர். 12,000 லிட்டர் லாரி மூன்றைக் கொட்டினாலும் அவ்வளவு வராது.

மின்சாரம்: தண்ணீர் வாசலைத் தொடுமுன் மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். ஜெனரேட்டரை ஒருபோதும் அறைக்குள்ளோ மூடிய வராந்தாவிலோ ஓட்டாதீர்கள். அதன் புகையில் வரும் நச்சுவாயுவுக்கு மணம் இல்லை, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

கைக்குழந்தை: தாய்ப்பாலை எக்காரணத்துக்காகவும் நிறுத்த வேண்டாம். முழுமையாகப் பாலூட்ட விரும்புவோருக்குக் குர்ஆன் இரண்டு ஆண்டுகளைக் குறிப்பிடுகிறது. வெள்ளக் காலத்தில் அதன் அருமை புரியும். அன்று மாடியில் பிறந்தநாள் குழந்தை தாய்ப்பால் குடித்து நிம்மதியாகத் தூங்கியது. விருந்துக்கு வந்த இன்னொரு குழந்தைக்குப் புட்டிப்பால். பவுடர் இருந்தது, கலக்க நல்ல தண்ணீர் இல்லை. மழைத் தண்ணீரைச் சுத்தமான துணியில் வடிகட்டி, நன்றாகக் கொதிக்கவைத்து, கரண்டியால் ஊட்டினார்கள்.

வயிற்றுப்போக்கு வந்தால்: ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்றை, அதில் எழுதியுள்ள அளவு கொதித்து ஆறிய தண்ணீரில் முழுவதும் கரையுங்கள். பாதிப் பாதியாகக் கரைக்கக் கூடாது. இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லி வரை சிறிது சிறிதாகக் கொடுங்கள். கண் குழிவிழுந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, பிள்ளை சோர்ந்து கிடந்தாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

தண்ணீர் தேங்கிய இடம்: தவழும், நடைபழகும் குழந்தை மூழ்கச் சில அங்குலத் தண்ணீர் போதும். வீட்டுக்குள் நிற்கும் தண்ணீரும் வாளியும்கூட ஆபத்துதான். பெரியவர் ஒருவர் கை எட்டும் தூரத்தில் எப்போதும் இருக்க வேண்டும்.

தொலைபேசி: அவசர உதவிக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070. தொடர்பு இருக்கும்போதே பேசிவிடுங்கள்.

எங்கள் தவறும் எங்கள் முடிவும்

லுஹருக்குப் பின் அந்தத் தகப்பனார் கேட்டபோது "நிறுத்துங்கள்" என்று சொல்லியிருக்க வேண்டியவர்கள் நாங்கள். பாத்திரம் எங்களுடையது, வார்த்தைக்கு மதிப்பும் இருந்தது. மூன்று மணிக்கு அந்தச் சகோதரி கேட்டபோது "நீ போம்மா" என்று சொல்லியிருக்க வேண்டியவர்களும் நாங்களே. அவரிடம் நேரில் சென்று மன்னிப்புக் கேட்டோம். அவர் எங்களை உட்காரச் சொல்லித் தேநீர் தந்தார். இடிந்த இடத்தில் வீடு எழுப்புவதில் அறக்கட்டளையும் அந்தக் குடும்பத்தாரும் இயன்றதைச் செய்தோம். அதை ஸதகா என்று எழுதவில்லை, கடன் என்றுதான் கணக்கில் எழுதியிருக்கிறோம். எங்கள்மேல் இருந்த கடன்.

அதன் பிறகு நிர்வாகக் கூட்டத்தில் நான்கு முடிவுகள் எடுத்தோம். சிவப்பு எச்சரிக்கை உள்ள நாளில் நமது பாத்திரங்கள் விருந்துக்குப் போகா, கஞ்சிக்கு மட்டுமே போகும். மழைக்காக விருந்தைத் தள்ளிவைப்பவர்களிடம் வாடகை வாங்குவதில்லை, அடுத்த தேதிக்கும் வாங்குவதில்லை. விருந்து தள்ளிவைக்கப்பட்ட செய்தியைப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலேயே அறிவிப்போம், வீட்டார் யாருக்கும் விளக்கம் சொல்லவேண்டியதில்லை. எந்த விருந்தானாலும் மழை வலுத்தால் கூலிக்கு வந்தவர்களை முதலில் கூலியோடு அனுப்பிவைக்க வேண்டும், பாத்திரத்தைக் கழுவாமல் திருப்பிக் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்வோம்.

அந்தத் தகப்பனார் விடுப்பு முடிந்து திரும்பும் முன், நிலுவையில் இருந்த அகீகாவை நிறைவேற்றினார்கள். மண்டபமும் இல்லை, கேக்கும் இல்லை. ஓர் ஆட்டை அறுத்துச் சமைத்து, ஆற்றங்கரைக் குடியிருப்புக்கே எடுத்துச் சென்றார்கள். அன்று அந்தச் சகோதரி பாத்திரம் கழுவவில்லை. பாயில் உட்கார்ந்து சாப்பிட்டார். குழந்தையை மடியில் வாங்கிக் கொஞ்சினார்.

வீட்டில் உட்கார்ந்து பேசிப் பாருங்கள்

1. நம் வீட்டு அடுத்த விருந்தன்று மழை எச்சரிக்கை வந்தால், நிறுத்தும் முடிவை யார், எத்தனை மணிக்குள் எடுப்பது?

2. அழைப்புப் பட்டியலில் நம் தெருவின் கடைசி வீடு இருக்கிறதா?

3. நம் வீட்டில் வேலை செய்பவரின் வீடு எங்கே இருக்கிறது, வெள்ளம் வந்தால் அவர் எங்கே போவார் என்று நமக்குத் தெரியுமா?

4. நம் பிள்ளைகளுக்கு அகீகா கொடுத்தாகிவிட்டதா?

ஒரு ஜும்ஆவில் வறட்சிக்காக மழை கேட்டு துஆ செய்த நபி (ஸல்) அவர்கள், மறு ஜும்ஆவில் வெள்ளத்தின் சிரமத்தை மக்கள் முறையிட்டபோது, அந்த மழை ஊரின்மேல் அல்லாமல் சுற்றியுள்ள மேடுகளிலும் பள்ளத்தாக்குகளிலும் பெய்யட்டும் என்று வேண்டினார்கள். அனஸ் (ரலி) அறிவிக்கும் இந்த துஆவை அரபியில் மனனம் செய்துகொள்ளுங்கள். மதரஸாவில் இம்மாதம் பிள்ளைகளுக்கும் சொல்லித் தருகிறோம்.

வல்ல அல்லாஹ் இந்த ஆண்டு மழையை நம் குளங்களுக்கும் வயல்களுக்கும் ரஹ்மத்தாக ஆக்குவானாக. நம் வீட்டுக் குழந்தைகளையும், நம் வீட்டில் உழைப்பவர்களின் குழந்தைகளையும் ஒன்றுபோல் பாதுகாப்பானாக. கேட்க வேண்டிய நேரத்தில் கேட்கும் காதையும், சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லும் வாயையும் நமக்குத் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.

செயலாளர், நிர்வாகக் குழுவினருக்காக